தோசைக்கல்லில் கவிழ்த்த டப்பா

பழனிசெட்டிபட்டி செல்போன் கடையில் என் போனைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த தகர மூடியைச் சூடுகாட்டி எடுத்தார் கடைக்காரர். ஈயமும் பற்றவைக்கும் பேஸ்ட்டும் கருகும் வாடை முகத்தில் அடித்தது.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு வாடை அது. அப்பா மைக்செட் பழுது பார்ப்பார். உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், தார் ஊற்றிய பெரிய தகர டப்பாவுக்குள் சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்திருக்கும். ஒரு ஓரத்தை இளக்கி அடுத்ததற்குப் போவதற்குள் முதல் ஓரம் இறுகிவிடும். அதனால் டப்பாவைப் பழைய தோசைக்கல்லில் கவிழ்த்து அடுப்பேற்றுவார். எல்லா ஓரமும் ஒன்றாக இளகும்.

அந்தக் கல் விரிசல் விட்டுப்போனதால் ஒருநாள் சமையல் கல்லையே எடுத்தார். பிறகு செங்கல்பொடி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அம்மா மோந்து பார்த்து, "வாடையே இல்ல" என்றாள். நானும் மோந்தேன். இல்லைதான்.

மறுநாள் காலை அக்காவைப் பெண் பார்க்க வடுகபட்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தோசையைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோய், அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"ரோடு போடுற எடத்துல இருக்க மாதிரில்ல இருக்கு."

"கல்லுலதான்மா. வேற கல்லுல ஊத்தச் சொல்றேன்" என்றார் அப்பா.

"கல்லுல மட்டும் இல்லைங்க. வாசப்படி ஏறும்போதே அடிச்சிச்சு."

அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். காபித் தட்டோடு நின்ற அக்கா, யாரிடமும் நீட்டாமல் உள்ளே திரும்பினாள்.

"இந்த வாடையில எப்படிண்ணே நாள் பூராம் உக்காந்திருக்கீக?" என்றேன் கடைக்காரரிடம்.

"என்ன வாடை?" என்றார்.

அவர் குனிந்ததும் என் சட்டைத் தோளை மோந்து பார்த்தேன்.