மழை மோடை மாற்றச் சொன்னேன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அன்றைக்கு பைக் ஓட்டிய பேத்தி சபீனாவே எழுதுகிறாள். அதனால் கூட்டிச் சொல்ல வழியில்லை!

அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவிக்குக் கல்யாண வீட்டுக்குப் போனோம். பைக்கில் ஏறினாலே எனக்குக் குஷிதான். ஆனால் அன்று வண்டி ஊர்ந்தது. மழை மோடில் வைத்திருக்கிறாளாம். அதில் வண்டி நிதானமாக இழுக்குமாம், சக்கரம் வழுக்காதாம்.

"ஏட்டி, மண்டையப் பொளக்குற வெயில்ல எதுக்கு மழ மோடு? மாட்டு வண்டி நம்மள முந்திரும் போலுக்கே!"

"ரோட்டுல உளுந்துச் செடி காயப் போட்டிருப்பாவ பெத்தும்மா. பேசாம வாங்க."

"போட்டி, பயந்தாங்கொள்ளி!"

ரோஷத்தில் ஸ்போர்ட் மோடுக்கு மாற்றிவிட்டாள். ஐயோ, என்ன வேகம்! நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வளைவில், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோடு நிறைய உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். உதிர்ந்த உளுந்தில் பின்சக்கரம் சுழன்று வழுக்க, இரண்டு பேரும் விழுந்தோம். எதிரே வந்த லாரி என் தலையை ஒட்டிப் போய் நின்றது. எழுந்து பார்த்தால், நான் தலையோடு போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியில் டயர் தடம்.

சிராய்ப்போடு தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். துப்பட்டியை வெளுத்ததில் தடமும் போய்விட்டது. என் கண்ணுக்கு மட்டும் இன்னும் தெரிகிறது. லாரிச் சத்தம் கேட்டால் கை தானாகத் தலையைத் தடவிப் பார்க்கிறது.

அதற்காக பைக் சவாரியை விடுவேனா? எந்த மோடு என்று மட்டும் வாய் திறப்பதில்லை. ரோட்டில் உளுந்துச் செடியைக் கண்டால், "நிப்பாட்டுட்டி" என்று இறங்கி, ஓரமாக நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்கிறேன்.