கட்டிலிலிருந்து அடுப்படிக்கு ஒரு வயர்

என் மனைவிக்கு முதலில் குளறியது ‘ர’ என்ற எழுத்துதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் நின்றாலும் அவள் பேச்சு நிற்காது. ஒருநாள் ‘ரவிக்கை’ என்ற சொல்லே அவள் வாயில் வழுக்கியது. பல் டாக்டரைப் பார்த்தோம், அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம், கடைசியில் மதுரைக்குப் போனோம். நரம்பு டாக்டர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. பேச்சு போகும், கை கால் போகும், விழுங்க முடியாமல் ஆகும். குணமாக்க மருந்து இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “இனிமே வீட்ல ஒங்க சத்தம்தான். ஒங்களுக்குப் பேசவே தெரியாதே, என்ன செய்யப் போறீக?”



நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். லீவு நாளில் சின்னச் சின்ன சர்க்யூட் செய்வது எனக்குப் பொழுதுபோக்கு. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற பஸ்ஸர், தானாக எரிந்து அணையும் வாசல் விளக்கு, இப்படி. அவள் அதற்கு வைத்த பெயர் ‘வயர்க் கூளம்’. அந்தக் கூளத்தை வைத்து அவளுக்கு ஒரு குரல் செய்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கட்டில் பக்கம் பொத்தான்கள் கொண்ட ஒரு போர்டு, அலமாரியில் எல்லாவற்றையும் நடத்துகிற ஒரு போர்டு, அடுப்படியில் ஸ்பீக்கரோடு ஒரு போர்டு. தனித்தனியாகச் செய்வது சுலபமாக இருந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பதுதான் பெரும்பாடாகப் போனது. முதலில் வயரை நேராகப் போர்டில் பற்றவைத்தேன். அவள் புரண்டு படுத்ததும் இழுபட்டு ஒட்டு விட்டுப்போனது. கடையில் விற்கிற, நுனியில் ஊசி வைத்த வயர்களை வாங்கிச் செருகினேன். லேசாகத் தட்டினாலே கழன்று விழுந்தன. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் கேட்டபோது, உடைந்த கம்ப்யூட்டர்களிலிருந்து உருவிப் போட்டிருந்த பட்டை வயர்களைக் காட்டி, “குப்பைக்குப் போறதுதான, அள்ளிட்டுப் போங்க” என்றார்.

பட்டை வயர் எனக்குப் பிடித்துப்போனது. பல வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நாடா மாதிரி தட்டையாக இருக்கும். நுனியில் கனெக்டரை வைத்து நெருக்கினால் அதன் பற்களே ஒவ்வொரு வயரையும் கடித்துக்கொள்ளும். பற்றவைக்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்று மட்டும் கவனிக்க வேண்டும். ஒருமுறை திருப்பிச் செருகி ஒரு போர்டைக் கருக்கிவிட்டேன். அடுப்படி வரைக்கும் இன்டர்நெட்டுக்கு இழுக்கிற வயரைப் போட்டேன். அதன் நுனி ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. எல்லாப் போர்டும் அதே வயர்களில்தான் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அதைக் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும் என்று அவளுக்கு விளக்கினேன்.

“ஆஸ்பத்திரி டோக்கன் மாரியா?” என்று இழுத்து இழுத்துக் கேட்டாள்.

“அதேதாம்ட்டி.”

குரல் மிச்சமிருந்தபோதே அதைப் பதிந்துகொண்டோம். என்னென்ன வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். தண்ணி வேணும். திருப்பிப் படுக்க வைங்க. ஃபேனைக் கூட்டுங்க. சாப்ட்டீகளா? கடைசியாக ஒன்று: “நான் இன்னும் இங்கனதான் இருக்கேன்.” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது, அழிக்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நான் அடுப்படியில் செத்த நேரம் கூடுதலாக நின்றால் போதும், அதைத்தான் அழுத்துவாள். கையில் கரண்டியோடு ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்று கண்ணாலேயே சொல்வாள்.

பிறகு விரல்கள் போயின. பொத்தான் போர்டைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலுக்கு ஒரே ஒரு பெரிய பொத்தானை வைத்தேன். வாசகங்களுக்கு நேரே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வரும், வேண்டிய விளக்கு எரியும்போது அழுத்தினால் போதும். மற்ற போர்டுகளைத் தொட வேண்டியிருக்கவில்லை. பழைய செருகியை உருவிப் புதியதைச் செருகியதும் வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடிகிறதே என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காலும் போனபின் கன்னத்தருகே, கன்னம் லேசாக அசைந்தாலே அழுந்துகிற ஒரு மெல்லிய தகடு வைத்தேன். அதை வைத்த அன்று அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தகட்டின் மேல் இறங்கியது. துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

ஐப்பசியில் விடாத மழையாக இருந்த ஒரு காலையில் அவளுக்கு மூச்சு நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வைகாசியில் மதுரை டாக்டரிடமிருந்து போன் வந்தது. வத்திராயிருப்பில் ஒரு விவசாயிக்கு இதே நோய், பேச்சு நின்றுவிட்டது, அந்தக் கருவியைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டார். அவள் குரல் பதிந்திருந்த சின்ன மெமரி கார்டை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு, போர்டுகளையும் வயர்களையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்த மனிதர் கட்டிலில் சாய்ந்திருந்தார். விரல்கள் இன்னும் அசைந்தன. அதனால் முதலில் செய்த பொத்தான் போர்டையே பொருத்தினேன். அவர் குரல் இனிப் பதிய முடியாது என்பதால் அவர் தம்பியைப் பேசவைத்துப் பதிந்தேன். சுவரோரம் வயரை ஆணியடித்து அடுப்படி வரை கொண்டுபோனேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தியதும் அடுப்படியில் ‘மதினி, இங்க வாங்க’ என்று ஒலித்தது. அவர் மனைவி ஓடிவந்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மனிதர் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “டாக்டரு சொன்னாக, அக்காவுக்கும் இதே நோவாமே. இப்ப எப்படி இருக்காக, அண்ணே?”

கட்டிலில் இருந்தவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“இருக்கா,” என்றேன். “நல்லா இருக்கா.”

“அப்ப இதத் தூக்கிக் குடுத்துட்டீகளே, அவுகளுக்கு?”

“அவளுக்கு வேற ஒண்ணு செஞ்சிட்டேன்மா.”

அந்த மனிதரின் முகம் தெளிந்தது. அந்தம்மா உள்ளே போய், தோப்பில் பறித்த மாம்பழங்களை ஒரு பை நிறையப் போட்டுக் கொண்டுவந்தார். “அக்காவுக்குக் குடுங்க. அப்பிடியே குடுக்காதீக, பொரை ஏறும். நாரு இல்லாம நல்லா மசிச்சுக் குடுங்க. இவுக அப்பிடித்தான் முழுங்குதாக.”

“சரிம்மா,” என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். பழுத்த வாசனை அடித்துக்கொண்டே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து எல்லாரும் இறங்கியபின்னும் நான் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார்.