படிக்கட்டு நாட்டு முத்திரை

எட்டு வயதில் நான் நான்கு நாடுகளுக்கு எல்லை அதிகாரியாக இருந்தேன். அந்தப் பதவியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பதவிக்கு வந்த ஒரே வாரத்தில் சொந்த அப்பாவையே நாட்டைவிட்டு நகர முடியாமல் செய்தது மட்டும்தான் அந்த உத்தியோகத்தில் என் சாதனை.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. அப்பாவின் வேலைக்காக நாங்கள் குடியேறிய ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை பழைய புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு வாசலில் வைப்பார்கள். எனக்குக் கதைப் புத்தகம் தேடிக் குனிந்த அம்மா, ஒரு பெட்டியில் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். நீலத் துணி அட்டை, முதுகு நைந்த ஒரு பிரெஞ்சுப் புத்தகம். புதுச்சேரியில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் இதே புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் இருந்ததாம். அலமாரிச் சாவி பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரி மதரிடம் இருந்ததாம். பத்து வருடம் அட்டையை மட்டுமே பார்த்த புத்தகம், யாரும் தொடாமல் ஃப்ரீமான்ட்டில் கிடந்தது. வீடு வரும்வரை அதை என்னிடம்கூடக் கொடுக்கவில்லை.

கற்பனை நாடுகளைப் பற்றிய புத்தகம் அது. என்னை இன்றும் வியக்க வைப்பது, அதை எழுதியவர் இது விளையாட்டு என்று எங்கேயும் காட்டிக்கொள்ளவில்லை என்பதுதான். ஒவ்வொரு நாட்டுக்கும் வரைபடம் உண்டு. என்ன விளையும், ரயில் எத்தனை மணிக்கு, எந்தக் கிழமை கடைக்கு விடுமுறை என்று எல்லாவற்றையும் தாசில்தார் அறிக்கை எழுதுவதுபோல எழுதியிருப்பார். ஒரு நாட்டில் தபால்காரர் கிடையாது. கடிதத்தை ஜன்னல் வழியாகக் காற்றில் விடுவார்கள், யார் வீட்டில் விழுகிறதோ அவர்கள் அதை எடுத்து மரியாதையாகப் பதில் போடவேண்டும். இன்னொரு நாடு முழுக்கப் படிக்கட்டு. ஏறுகிறவர் இறங்குகிறவரிடம் நலம் விசாரிக்காமல் போகக்கூடாது என்பதால் அங்கே யாரும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது நகரும் தீவு. அது வருடத்துக்கு ஒரு முழம் கரையை நோக்கி வரும். வந்து சேர எட்டுத் தலைமுறை ஆகும். ஆனாலும் இரண்டு பக்கத்துக்காரர்களும் விருந்துக்கான தட்டுகளை வருடாவருடம் கழுவித் துடைத்து வைப்பார்கள். எந்த நாட்டுப் பக்கத்திலும் கீழ் மூலையில் ஒரு வட்ட முத்திரை இருக்கும்.

கல்யாணத்துக்கு முன் அம்மா பிரெஞ்சு டீச்சர். அப்பாவின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அப்போது இங்கே வேலை பார்க்கக்கூடாது. அதனால் அந்த ஊரில் அவளுக்கு நான் ஒருத்திதான் வகுப்பு. ஸ்கூல் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்காருவோம். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே உதட்டை அசைத்து ஒரு வரியைப் பிரெஞ்சில் படிப்பாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுத் தமிழில் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பேன். மூன்று மொழியில் ஒரு பொரியல் தயாராகும்.

அந்தப் புத்தகம் வந்தபோது எனக்கு ஆறு வயது, அப்பா வீட்டில் இல்லை. விசா முடிந்திருந்தது. இங்கே தங்கும் அனுமதி தனி, அதனால் இங்கேயே இருந்தால் தொந்தரவில்லை, வெளியே போனால் மட்டும் சென்னையில் புது விசா வாங்கிக்கொண்டுதான் திரும்ப வரமுடியும். இரண்டு வாரம் என்று போனவரைத் தூதரகத்தில் சரிபார்க்கிறோம் சரிபார்க்கிறோம் என்று நான்கு மாதம் உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு நாள் கதையில் வரும் பயணி படிக்கட்டு நாட்டின் வாசலில் வந்து நின்றான். காவல்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். அம்மா அடுத்த வரியைப் படித்தாள், தமிழில் சொல்லவில்லை.

“அவன உள்ள விடலன்னா?” என்று கேட்டேன். எப்போதாவதுதான் எனக்குத் தமிழ் வாயில் வரும்.

அம்மா பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். “விடுவாங்க. ஒரு நாட்டு முத்திரை இருக்கிறவன வேற எந்த நாடும் திருப்பி அனுப்பக்கூடாது. அதான் சட்டம்.”

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. அப்பாவும் வந்துசேர்ந்தார்.

இரண்டு வருடம் கழித்துப் புதுச்சேரியில் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவின் ஒரே தங்கை. தாத்தா இல்லாததால் மாதா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அத்தையைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டியவர் அப்பாதான். பக்கத்து ஊரான மில்பிடாஸில் ஒரு கடையில் கோட்டு சூட்டு எடுத்து இரண்டு தடவை அளவு சரிபார்த்தார். ஆனால் விசா மறுபடி முடிந்திருந்தது. வீட்டில் அந்தப் பேச்சே ஓடியது. போன தடவை மாதிரி ஆகிவிட்டால் என்று அம்மா தொடங்குவாள், அப்பா ஒன்றும் ஆகாது என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வராது.

ஸ்கூலில் அந்த வாரம்தான் உருளைக்கிழங்கில் அச்சு வெட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எனக்குச் சட்டம் தெரியும், முத்திரை செய்யவும் தெரியும். இதற்குமேல் சும்மா இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. நான்கு கிழங்குகளைப் பாதியாக்கி, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். மேஜைமேல் அப்பாவின் பயணக் கோப்பு இருந்தது. பாஸ்போர்ட்டில் காலியாக இருந்த ஒரு பக்கத்தை எடுத்து, காற்று நாடு, படிக்கட்டு நாடு, நகரும் தீவு, கீழிருந்து மழை பெய்யும் நாடு என்று நான்கு முத்திரைகளையும் நீல மையில் வரிசையாகப் பதித்தேன். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று கீழே பேனாவால் அம்மா சொல்லிக்கொடுத்திருந்த தமிழில் எழுதினேன்: எங்க அப்பாவ வீட்டுக்கு விடுங்க.

சனிக்கிழமை காலை அப்பா கோப்பைச் சரிபார்த்தார். செவ்வாய்க்கிழமை விமானம். நான் எதிரே உட்கார்ந்து, அவர் பார்க்கட்டும் என்று பாலில் போட்ட சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“இங்க வா கொஞ்சம்,” என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வந்து பார்த்தாள். நான் பாராட்டுக்காகக் காத்திருக்க, அப்பா போனை எடுத்தார். விசா விஷயத்தில் கரைகண்ட ஓர் அங்கிள் சான் ரமோனில் இருந்தார். படிவங்களை எண் சொல்லியே அழைப்பார். அவரை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“சார், அத எடுத்துக்கிட்டு ஏர்போர்ட் பக்கமே போயிடாதீங்க,” என்றார் அங்கிள். “டேமேஜ்ட் பாஸ்போர்ட்னு சொல்லிடுவாங்க. டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க, புது பாஸ்போர்ட் அப்ளை பண்ணுங்க. எத்தன வாரம் ஆகும்னு சொல்ல முடியாது.”

கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐ வாஸ் ஹெல்ப்பிங் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அப்படிப் படிச்சுக் காட்டினேன்,” என்றாள்.

“நான் என்ன சொல்லப்போறேன்,” என்றார் அப்பா. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தார். “எந்த ஆபீசரும் இதுவரைக்கும் எனக்கு இவ்ளோ நேரா முத்திரை குத்தினதில்ல.”

திட்டு விழாததற்கு என் முத்திரைகளின் அழகுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். காலேஜில் பிரெஞ்சு எடுத்துப் படித்தபின் ஒரு விடுமுறையில் அந்த நீலப் புத்தகத்தை நானே திறந்தேன். அம்மாவின் மொழிபெயர்ப்பு அபாரம். பயணிக்கு அவள் போட்ட குரலைக்கூட அந்த வாக்கியங்களில் கேட்க முடிந்தது. ஆனால் அப்படியொரு சட்டம் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. படிக்கட்டு நாட்டுக் காவல்காரன் அவனைத் திருப்பித்தான் அனுப்பியிருந்தான். அந்த நான்கு மாதத்தில் தனக்குத் தேவைப்பட்ட ஒரு வரியை அம்மா தானாகவே சொல்லிச் சேர்த்திருக்கிறாள். அதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டேன். இதைப் பற்றி அவளிடம் இன்றுவரை நான் கேட்டதில்லை. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அப்பா அந்தச் சனிக்கிழமையே பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அத்தையிடம் பேசினார். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். “ஆபீஸ்ல லீவு தரலடா,” என்றார். பிறகு ஆமாடா, ஆமாடா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் பெயரைச் சொல்லவேயில்லை, அதனால் தப்பித்தேன் என்று நினைத்தேன். வேலைதான் பெரிதென்று வராமல் இருந்துவிட்ட அண்ணன் என்று அத்தை அவரிடம் சரியாகப் பேச இரண்டு வருடம் ஆனது.

புதுச்சேரியில் திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கல்யாணத் திருப்பலி. எங்களுக்கு அது ஞாயிறு மாலை ஆறு மணி. அப்பா குளித்து, அந்தப் புது சூட்டைப் போட்டுக்கொண்டு, ஷூவும் மாட்டி ஹாலுக்கு வந்தார். அம்மா பட்டுப் புடவை கட்டி, ஒரு தட்டு கல்கல் இனிப்பு பொரித்து வைத்திருந்தாள். லேப்டாப்பில் கோயில் வாசல் தெரிந்தது. அத்தை வெள்ளைப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர்கள் யார் யாரோ கையை நீட்டினார்கள். அத்தை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தனியாக நின்றாள்.

அப்பா சோபாவிலிருந்து எழுந்து படுக்கையறை வாசல்வரை போனார். அங்கே திரும்பி நின்றார். அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியதும், வலது கையை முழங்கையில் மடித்துக்கொண்டு, கார்ப்பெட்டில் ஒவ்வொரு அடியாக நடந்து வரத் தொடங்கினார்.

எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. இத்தனை நாள் எங்கள் கற்பனை நாட்டு விளையாட்டுக்கு வராத அப்பா ஒருவழியாக வந்துவிட்டார். ஓடிப்போய் அந்தக் கையில் என் கையைக் கோத்துக்கொண்டேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் அடிக்குத் தக்கபடி தன் அடியைச் சுருக்கிக்கொண்டார்.

“இது எந்த நாடு அப்பா?” என்று கேட்டேன்.

“தெரியல பாப்பா. நட.”

சமையலறைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினோரு அடியில் ஹால் முடிந்துவிட்டது. திரையில் அத்தை இன்னும் பாதி தூரத்தில் இருந்தாள். நாங்கள் லேப்டாப் முன்னால் நின்று காத்திருந்தோம். மாப்பிள்ளை நின்றிருந்த பீடத்தருகே அவள் வந்ததும் அப்பா என் கையைத் தன் கையிலிருந்து மெல்ல எடுத்துக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். நீட்டியபடியே வைத்திருந்தார். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை அப்பா மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, நான் கையை உருவிக்கொண்டு கல்கல் எடுக்க ஓடினேன்.