மாத்து மாஸ்டரின் மாதிரி வகுப்பு

டயர் கடை மாடியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் அந்த மனிதர் உலகத்திலேயே ஒரே ஒருவரைத்தான் மதித்தார். தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொள்வார். மற்ற எல்லாரும் அவருக்கு மரமண்டைகள். கீழே பஞ்சர் ஒட்டுகிறவன் மரமண்டை, அறையை வாடகை வாங்காமல் விட்டிருந்த மனைவியின் அண்ணன் பெரிய மரமண்டை, வேலை முடிந்த களைப்போடு படியேறி வந்து பெஞ்சில் உட்காரும் மாணவர்கள் பிறவி மரமண்டைகள்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் மாத்து மாஸ்டர். காரணம் அவர் பாடம். பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவார். 'த கிங் இஸ் பிரேவ்.' ராஜா வீரமானவர். பிரேவ் என்பதைப் பெயர்ச்சொல்லாக மாற்று என்பார். 'த பிரேவரி ஆஃப் த கிங்' என்று வகுப்பு இழுக்கும். அடுத்து அதையே வினையடையாக மாற்றவேண்டும், ராஜா வீரமாகச் சண்டை போடுவார். ராஜா முடிந்தால் ராணியின் அழகு, பிறகு பாலின் தூய்மை, வேலைக்காரனின் சோம்பல். எல்லாம் அட்டை கிழிந்த ஒரு பழைய கைடிலிருந்து எடுத்தவை. அந்தக் குண்டுச்சட்டிக்குள்ளேயே இத்தனை வருஷமாகக் குதிரை ஓட்டிவிட்டு, தேசமெல்லாம் சுற்றி வந்தவர் போல மீசையைத் தடவிக்கொள்வார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருநாள் கேட்டாள். "சார், இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு எப்படிச் சொல்றது? வெளியூர்க்காரங்க வந்தா கையைக் காட்டிக் காட்டிச் சொல்ல வேண்டியிருக்கு."

"அது பாடத்துல இல்ல," என்றார் மாஸ்டர். "முதல்ல ராஜாவை ஒழுங்கா மாத்து. மாத்திரையை அப்புறம் பாக்கலாம்."

இப்படிப்பட்டவருக்கும் ஒரு சோதனை வந்தது. எதிர்த்தெருவில் கண்ணாடிக் கதவும் குளிர்பதன அறையுமாக ஒரு பயிற்சி நிறுவனம் திறந்தார்கள். மாஸ்டர் வகுப்பு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, மிஞ்சியது ஒரு பெஞ்சு நிறைய ஆள். அதே சமயம் மனைவியின் அண்ணன் அறையைத் திருப்பிக் கேட்டார். பிடிவாதமாகக் கேட்டார். மரமண்டை என்று தன்னை யார் சொல்லித் திரிகிறார்கள் என்பது அவர் காதுக்கும் எட்டியிருக்கவேண்டும்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்," என்றாள் மனைவி. "எதிர்ல வாத்தியார் வேணும்னு போர்டு வெச்சிருக்காங்களே. போய்க் கேட்டா என்ன, கௌரவம் கொறஞ்சா போயிடும்?"

"நான் போய்க் கேக்கறதா? அவங்கதான் என்னைக் கேக்கணும்," என்றார். மறுநாளே போய்க் கேட்டார்.

ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், உங்கள் மாணவர்களையே கூட்டி வாருங்கள் என்றார்கள். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வரும் வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் அறையும் இல்லை, வகுப்பும் இல்லை, மரமண்டை என்று திட்டுவதற்கு ஆளும் இல்லை. அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். ஆளுக்கு ஒரு விடையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். முதல் நாற்காலியில் கொரியர்காரர், அவருக்கு ராஜா. அடுத்து தையல்காரர், அவருக்குப் பால். அதற்கடுத்து லிஃப்ட் ஓட்டுகிறவர், அவருக்கு வேலைக்காரன். நாலாவது மருந்துக்கடைப் பெண், அவளுக்கு ராணி.

"கேள்வி என்னன்னு யாரும் மூளையைக் கசக்க வேணாம்," என்று சொல்லிவைத்தார். "இருந்தாத்தானே கசக்கறதுக்கு! நான் கை நீட்டினதும் எழுந்து உங்க விடையைச் சொல்லிட்டு உக்காருங்க."

மாதிரி வகுப்பு அன்றைக்கு என்று பார்த்துக் கொரியர்காரருக்கு அவசரப் பார்சல் ஒன்று வந்துவிட்டது. அவர் வரவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியை நிறுவனத்து ஆள் ஒருவர் நல்லெண்ணத்தோடு தூக்கிப் போக, தையல்காரர் முதல் ஆளானார். மாஸ்டர் இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். அப்படி ஒன்று தோன்றுவதற்கு, அவர் அடுத்தவரிடம் தேடித் தேடிக் கிடைக்காத அந்தப் பொருள் அவரிடமாவது இருந்திருக்கவேண்டும்.

'த கிங் இஸ் பிரேவ்' என்று எழுதிவிட்டுக் கை நீட்டினார்.

தையல்காரர் துள்ளி எழுந்து, "த பியூரிட்டி ஆஃப் த மில்க்!" என்றார்.

மாஸ்டர் அவசரமாகப் பாலை எழுதினார். லிஃப்ட்காரர் வேலைக்காரனின் சோம்பலைச் சொன்னார். வேலைக்காரனை எழுதினார். மருந்துக்கடைப் பெண்ணின் முறை. எழுந்தவள் பலகையைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நிறுவனத்து மேலாளர் அம்மாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"மேடம், வன் மேன் நாட் கம். ஸோ ஆல் ஆன்சர் கோயிங் ராங்," என்றாள். ஒரு ஆள் வரவில்லை, அதனால் எல்லா விடையும் தப்பாகப் போகிறது என்று அர்த்தம்.

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, விஷயம் புரிந்த சிரிப்பு. மாஸ்டரின் மூக்கு உடைந்ததில் அங்கே யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கதை சொல்கிற எனக்கும் இல்லை.

"போகட்டும் சார்," என்றார் மேலாளர். "பலகையை விடுங்க. உங்களைப் பத்தி நாலு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லுங்க. வீடு, குடும்பம், எது வேணும்னாலும். சும்மா பேசுங்க, போதும்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். சொல்ல அவருக்கு எவ்வளவோ இருந்தது. மனைவி காலையில் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது, கைவிட்டுப் போகிற அறை, நேற்றிரவு வராத தூக்கம். இதில் ஒன்றுகூட அந்தக் கைடில் இல்லை. அதில் ராஜா இருந்தார், ராணி இருந்தாள், பால் இருந்தது.

"வன் மேன் டிட் நாட் கம்," என்றார் கடைசியில். "தேர்ஃபோர், ஆல் தி ஆன்சர்ஸ் வென்ட் ராங்."

இலக்கணத்தில் ஒரு பழுதும் கிடையாது. ஆனால் அது மருந்துக்கடைப் பெண் சொன்னது. மேலாளர் தலையை ஆட்டிவிட்டு, நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் தட்டுத் தடுமாறி மருந்துக்கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் பேசப் பேச, இது தப்பு, அது தப்பு என்று மாஸ்டரின் மனம் தன் பாட்டுக்குத் திருத்திக்கொண்டே போனது. அதை நிறுத்த முடியாமல் அவருக்கு அழுகை வந்தது.