மாமாவின் அறைக்கு வந்த பியானோ

பெங்களூர் காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு கிராண்ட் பியானோ வந்தபோது, நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிப்பேன். என் கணவர் கண்டோன்மெண்டில் ஓர் ஏலக் கம்பெனியில் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் கட்டிலும் அலமாரியும் பீங்கானும் அவர் கண்முன்னால்தான் கைமாறும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ, என் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்ப்பதற்காக எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டே இருப்பார்.

அந்தப் பியானோ ஒரு கர்னலின் பங்களாவிலிருந்து ஏலத்துக்கு வந்தது. சுவரோடு ஒட்டி நிற்கும் சின்னப் பியானோ என்றால் கேட்க ஆள் உண்டு. இவ்வளவு பெரியதை வைக்க யாரிடம் இடம் இருக்கிறது? ஏலத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. முதலாளி அலுத்துப்போய் அதைச் சொற்ப விலைக்கு என் கணவரிடமே தள்ளிவிட்டார்.

"உனக்கு ஒண்ணு புடிச்சிருக்கேன்," என்று செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார். "வீட்டுக்குள்ள நுழையுமான்னுதான் தெரியல."

என்னவென்று சொன்னதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. இருவரும் குடையை அளவுகோலாக வைத்து ஹாலை அளந்தோம். இடம் போதவில்லை. எங்கள் அறையில் கட்டிலைத் தாண்டி நடக்கவே வழியில்லை. பின்னறையோ ஒரு கட்டில் கொள்ளும் அளவுதான். மிச்சமிருந்தது முன்னறை மட்டும்தான். அது என் மாமனாரின் அறை.

மாமா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி இறந்தபின் எங்களோடு இருந்தார். நாங்கள் குடையோடு அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தாமாகவே சொன்னார்:

"என் ரூமுல வைங்க. எனக்கு ஒரு கட்டில் போட எடம் இருந்தாப் போதும். பின்னாடி ரூமு சும்மாதான கெடக்குது."

"வேணாம் மாமா," என்றேன்.

"அட, வைம்மா."

மறுபடி ஒருமுறை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மனசு அதற்குள் அந்த அறையில் பியானோவை நிறுத்தி, எதிரே ஸ்டூலையும் போட்டுவிட்டது.

கால்களைத் தனியாகக் கழற்றி, கம்பளி சுற்றி, கட்டைவண்டியில் கொண்டுவந்தார்கள். கூலியாட்கள் அதைப் பக்கவாட்டில் சாய்த்து வாசலில் நுழைக்கும்போது தெருவே நின்று பார்த்தது. கம்பளியை உருவினார்கள். தேன் நிறத்து மரம். அதன் ரேகைகள் ஒரு பலகையில் தொடங்கி அடுத்த பலகையில் பிசகாமல் தொடர்ந்து ஓடின. யாரோ ஒருவர் அதற்காகவே ஒரே மரத்தின் பலகைகளைத் தேடிச் சேர்த்திருக்க வேண்டும். வளைந்த பக்கத்தில் ஓர் ஒட்டுக்கூட விரலில் தட்டுப்படவில்லை. மூடியைத் தூக்கினால் உள்ளே செம்பு சுற்றிய கம்பிகள் கோயில் விளக்கு வரிசைபோல மின்னின. தந்தக் கட்டைகள் முன்பு வாசித்தவர்களின் விரல் பட்டு லேசாகப் பழுத்திருந்தன. ஒரு கட்டையை அழுத்தினேன். பள்ளியின் பழைய பியானோவில் எனக்குத் தெரிந்த சத்தம் வேறு. இது தரையிலிருந்து ஏறி என் முழங்காலைத் தொட்டது. நான் அழுதுவிட்டேன். என் கணவர் கூலியாட்களுக்கு முன்னால் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அதன்பின் பள்ளி விட்டால் நான் நேரே வீடுதான். காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச நாளில் மாமாவும் அந்த நேரத்துக்கு வர ஆரம்பித்தார்.

"ஏதாச்சும் வாசிம்மா," என்று சொல்லிவிட்டு, பியானோவுக்கும் சன்னலுக்கும் நடுவே இருந்த ஓராள் இடைவெளியில் போய் நின்றுகொள்வார். தூக்கி நிறுத்திய மூடிக்குப் பின்னால் அவர் முகம் எனக்குத் தெரியாது. கீழே வேட்டி ஓரமும் லேசாக வீங்கிய வெறும் பாதங்களும் மட்டும் தெரியும். நாற்காலி போட அங்கே இடமில்லை. "உக்காருங்க மாமா, கதவுகிட்ட சேர் போடறேன்," என்றால், "இங்கியே நல்லாருக்கு," என்பார். நான் வாசித்து முடிக்கும்வரை நிற்பார். ரயில் விசிலிலேயே வாழ்ந்து காது மந்தமானவர், இப்படிக் கிட்ட நின்று கேட்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். பள்ளியில் மற்ற ஆசிரியைகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவருக்காகக் கீர்த்தனைகளையெல்லாம் தேடி எடுத்துப் பழகினேன்.

மழைக்காலம் வந்தது. பியானோவுக்குச் சுதி சேர்க்க வந்த ஆங்கிலோ-இந்தியர், ஈரக் காற்று படும் நாட்களில் மூடியைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மூடியைச் சாத்தியே வாசித்தேன். பாட்டின் நடுவில் தலை நிமிர்ந்தபோது முதன்முறையாக மாமாவை முழுதாகப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவை நோக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கையை எடுத்தேன். பாட்டு நின்றது அவருக்குத் தெரியவே இல்லை.

வெளியே குடை பிடித்து நின்றவர் லிங்கராஜபுரத்திலிருந்து மார்க்கெட்டுக்கு நடந்து வரும் பழைய எஞ்சின் டிரைவர். கன்னடக்காரர், மாமாவோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர்.

"ஏன் கார்டு சாபு, காலைல எல்லாம் ஆளே சிக்கறதில்ல? சன்னல் சாத்தியே இருக்குது," என்றார் அவர்.

"ரூமு மாறிட்டேன்பா. பின்பக்கம். அங்க செவுருதான் தெரியுது. ரோடு சத்தம் இல்லாம தூக்கமும் வர்றதில்ல." மாமா காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் பேசினார். "மருமக வாசிக்கிற நேரம் வந்து இப்படி நிக்கிறேன். பாட்டு கேக்கத்தான் வரேன்னு நெனச்சுக்கிறா. சந்தோசப்படுறா. இருந்துட்டுப் போகட்டும்."

நான் சத்தமில்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்தச் சன்னலில்தான் மாமாவின் நாள் முழுவதும் நடந்தது. பால்காரி, கோயில் மணி அடிக்கும் கோயில்குட்டி, மட்டன் கடை சாயபு, ஓய்வு பெற்ற ரயில்வே ஆட்கள் எல்லோரும் கம்பிக்கு வெளியே நின்று அவரிடம் பேசிவிட்டுத்தான் போவார்கள். இப்போது அவரைப் பார்க்க வேண்டுமென்றால் வாசல் ஏறி, ஹாலைக் கடந்து, எங்கள் அறையைத் தாண்டிப் போக வேண்டும். யார் போவார்கள்? ஒருவரும் வராததை நான் கவனிக்கக்கூட இல்லை. வீங்கின காலோடு அவர் அங்கே நின்ற நேரத்தையெல்லாம் நான் எனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பாட்டின்போது கணவரிடம், "பியானோவை எங்கியாவது மாத்திடலாங்க," என்றேன்.

அவர் முகம் வாடியது. "புடிக்கலியா?"

"புடிக்காம இல்ல. மாமாவுக்கு அந்த ரூமு வேணும்."

"அப்பாதான குடுத்தாரு? ஏதாச்சும் சொன்னாரா?"

கேட்டதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் அவரைக் கேக்கவே இல்ல, பாரேன்," என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் கூலியாட்களை வரவழைத்து, பியானோவைத் திருப்பி உள்சுவரோடு சேர்த்து நிறுத்தினோம். அறைக் கதவு பாதிதான் திறந்தது. ஆனால் சன்னலோரம் காலியானது. அங்கே அவருடைய சாய்வு நாற்காலியைப் போட்டேன்.

"எதுக்கும்மா இந்த வேலை? நான் கேட்டனா?" என்றார் மாமா.

"வெயில் கண்ணுல அடிக்குது மாமா. அதான் திருப்பினோம்."

"உனக்குப் பொய் சொல்ல வரல," என்று சொல்லிவிட்டு மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டிலுக்கு அங்கே இடமில்லாததால் படுக்கை பின்னறையில்தான். ஆனால் விடிந்ததும் முன்னறைக்கு வந்துவிடுவார்.

சன்னல் இப்போது பகலெல்லாம் திறந்தே கிடந்தது. நான் வாசிக்கும்போது, "ஊட்டா ஆய்தா?" என்று சாப்பாட்டை விசாரிக்கும் கன்னடக் குசலமும் இருமலும் சிரிப்பும் பாட்டோடு கலந்து வரும். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலும் தூறலும் நேராகப் பியானோமேல் விழுந்தன. அடுத்த முறை வந்த ஆங்கிலோ-இந்தியர், வளைந்த பக்கத்தில் மெல்லிய மரத்தகடு எழும்பியிருப்பதைக் காட்டித் தலையில் கை வைத்துக்கொண்டார். ஞாயிறு மதியங்களில் என் கணவர் எண்ணெய்த் துணியால் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க முடியாமல் நான் புழக்கடைப் பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் திடீரென்று சாரல் அடித்தது. நான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினேன். வெளியே அந்த எஞ்சின் டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம். அவர் முகத்துக்கு நேராகவே கதவை அடித்துவிட்டேன். சாத்தியபின்தான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. உடனே திறந்தேன். அவர் குடையோடு கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தார். கூப்பிட்டேன், மழையில் கேட்கவில்லை.

"சாத்தினது நல்லதுதாம்மா," என்றார் மாமா. "அது நனையக் கூடாதில்ல?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் மாமாவுக்கு நெஞ்சுச்சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சவப்பெட்டியை முன்னறையில்தான் வைக்க வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாகச் சொன்னார். அதற்கு இடம் வேண்டுமே. கோயில் வாலிபர்களும் ரயில்வே ஆட்களும் சேர்ந்து ஹாலிலிருந்த சாப்பாட்டு மேசையைத் தூக்கி முற்றத்தில் போட்டுவிட்டு, பியானோவை ஹாலுக்குத் தள்ளினார்கள். அது அங்கே சௌகரியமாக நின்றது. சுற்றி நடக்கவும் வழி இருந்தது. நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று குடையோடு அளந்தபோது அந்த மேசையை நகர்த்தலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நாங்கள் மூன்று பேர் சாப்பிட அவ்வளவு பெரிய மேசை.

மேசை பிறகு உள்ளே வரவில்லை. சமையலறையிலேயே பலகை போட்டுச் சாப்பிட்டோம். முன்னறையில் என் கணவர் தன் அப்பாவின் கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார். சாயங்காலம் சில நாள் அதில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பேச அவருக்கு அங்கே ஆள் யாரும் இல்லை.

பியானோவை விற்றுவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "உனக்காக வாங்கினது, நீ வாசி," என்றார். வாசிக்கிறேன். எழும்பின தகட்டை ஒட்டிச் சரிசெய்துவிட்டார்கள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மூடியைத் தூக்கி முதல் கட்டையைத் தொடும்போது இப்போதும் எனக்குள் அதே சந்தோஷம் வருகிறது. வரக் கூடாது என்று நினைக்கிறேன், வந்துவிடுகிறது.