எனக்காகப் பயந்த டாக்டரம்மா

மந்தாரக்குப்பம் பல் டாக்டர் செல்வநாயகி மாரடைப்பில் போய்விட்டார் என்று எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா வந்து சொன்னபோது நான் அழவில்லை. என் கை தானாக இடது தாடைக்குப் போனது. இறந்தவரை விட்டுவிட்டுத் தன் எலும்பை நினைத்தவள் என்று நீங்கள் திட்டலாம். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்கள் திட்டமாட்டார்கள்.

ஆடுகிற பல்லைப் பிடுங்கத்தான் முதலில் அவரிடம் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்தவர், “பல்லு நல்லாத்தாம்மா இருக்குது. அதைப் புடிச்சிகினு இருந்த எலும்பத்தான் காணோம்” என்றார். எங்கோ ஒருவருக்கு வருகிற நோய், எலும்பு தானாகக் கரையும், மண்டை ஓடு வரைக்கும் ஏறலாம் என்று சென்னையில் சொன்னார்கள். கரைந்தது திரும்பாது, மாத்திரையாலும் ஊசியாலும் அதை நிறுத்தப் பார்க்கலாம், அவ்வளவுதான். நிற்கிறதா என்று இங்கே பார்த்துச் சொன்னவர் டாக்டரம்மா.

மண்டை ஓடு என்றதும், சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தன் ஹெல்மெட்டை எனக்கு மாட்டிவிட்டார். சமைக்கும்போதுகூட. தாடைக்கு அடியில் வாரை இறுக்காத ஹெல்மெட் சுரங்கத்துக்காரர்களுக்கு ஹெல்மெட்டே இல்லை. அந்தக் கோலத்தில் கிளினிக் போனோம். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா ஓடிவந்து வாரை அவிழ்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“எலும்பு இல்லாத எடத்துலயே இறுக்கிகினு வந்துருக்கீங்களே சார். தாடை ஒடஞ்சா நான் எதை வச்சிச் சேக்கறது?”

வீட்டுக்காரர் வெளியே போய் வண்டியருகில் நின்று அழுதார்.

“நீங்களே பயப்படறீங்களே டாக்டர்” என்றேன்.

“பயமாத்தான் இருக்குது. பயம் இல்லாதவங்க ஒருவாட்டி பாத்துட்டு அனுப்பிடுவாங்க. நான் திரும்பத் திரும்பப் பாப்பேன்.”

அப்படித்தான் பார்த்தார். பஸ் ஏறப் போனவளைத் திரும்பக் கூப்பிட்டும் பார்த்திருக்கிறார். அவர் பயந்துகொண்டதால் இத்தனை நாள் நான் தூங்கினேன்.

அவர் போன பிறகு ஸ்கேனை வேறொரு டாக்டரிடம் கொண்டுபோனேன். “ஒண்ணும் பயமில்லம்மா, தைரியமா போங்க” என்றார், நல்ல பிள்ளை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் காலை அதே படத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

“கோச்சுக்காதீங்க சார், இன்னொருவாட்டி பாருங்க.”

பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. கன்ன எலும்பில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, “இது புதுசும்மா. இப்பவே சென்னைக்குப் பேசறேன், மருந்த மாத்தணும்” என்றார்.

இதை எழுதும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். யார் தைரியம் சொன்னாலும் இதை விடமாட்டேன்.