விடுமுறை நாளின் கூச்சல்

சதுரங்கப்பட்டினக் கடற்கரையை அடுத்த சிற்றுண்டிச்சாலையில் காலைக் காப்பியுடன் அமர்ந்திருக்கிறேன். பக்கத்து மேசையில் பெற்றோருடன் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கரண்டியால் தட்டைத் தட்டி, அலைகளைப் பார்த்துக் கூவிக்கொண்டிருக்கிறாள். பொறுமையிழந்து அவள் தந்தையிடம், "குழந்தையைச் சற்று அமைதியாக இருக்கச் சொல்லக்கூடாதா?" என்கிறேன். தாய் முகம் வாடி, பாதித் தோசையை விட்டுவிட்டு எழுகிறாள்.

தந்தை அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறார். "குந்து, துன்னுட்டுப் போலாம்" என்றவர் என் பக்கம் திரும்புகிறார். "மறைமலைநகர் கம்பெனில எனக்கு நைட் ஷிப்டு சார். பகல்ல நான் தூங்கிகினு கீறேன்னு வூட்ல இது வாயே தொறக்காது. இன்னிக்கி ஒருநாள்தான் லீவு. கத்தினா கத்தட்டுமே, இன்னா இப்போ?"

"அமருங்கள் அம்மா, தவறு என்னுடையது" என்கிறேன். அவள் தயங்கி அமர்கிறாள். சிறுமி மீண்டும் கூவுகிறாள்.

சிறிது நேரத்தில், கடற்காற்றில் தந்தையின் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. அதைக் கண்டதும் சிறுமி கூவுவதை நிறுத்திவிட்டுக் கரண்டியை ஓசையின்றிக் கீழே வைக்கிறாள். பிறகு என்னை நோக்கித் தன் உதட்டின்மேல் விரல் வைக்கிறாள். நான் குவளையை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருக்கிறேன்.